திரும்பி வந்த கப்பல்கள்
மேற்கிந்தியத் தீவுகளினின்று மீண்ட ஒப்பந்தக் கூலிகளும் நம் திருச்சபை வரலாறும்

திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிலின் ஐந்தாம் பிராகாரத்து மதிலைத் 'திருநீற்றான் திருமதில்' என்பர். இறைவனே சித்தர் கோலத்தில் வந்து அம்மதிலைக் கட்டுவித்தார் என்பதும், வேலை செய்தோர்க்குக் கூலியாகத் திருநீற்றையே அளித்தார் என்பதும், அத்திருநீறு அவரவர் உழைப்பின் அளவுக்கேற்பப் பொன்னாயிற்று என்பதும் அத்தலத்து மரபு. உழைப்புக்குத் தக்க கூலி ஒருநாளேனும் கிடைக்குமா என்னும் மக்கள் ஏக்கம் இக்கதையில் உறைந்துள்ளதென்றே நாம் கருதுகிறோம். வரலாறோ வேறு விதமாக நடந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அத்தீவிலும், அதனைச் சூழ்ந்த நன்செய் ஊர்களிலும், கோயில் நிலத்தையும் மிராசு நிலத்தையும் உழுது பயிரிட்ட பள்ளர், பறையர் குலத்துப் பண்ணையாட்களுக்கு நெல்லே கூலியாக அளக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காவிரிக்கரை ஊர்களில் ஆள்பிடிக்கும் தரகர் நடமாடத் தொடங்கியபோது, கடலுக்கு அப்பால் உழைப்பு பொன்னாகும் என்ற பொருள்படவே பேசினர்.

அத்தரகர் பேச்சைக் கேட்டுக் கப்பலேறியவரைக் குறித்து இன்று பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. திரும்பி வந்தவரைக் குறித்துப் பேசுவோர் சிலரே. நம் திருச்சபை வரலாற்று நூல்களிலோ கடற்பயணம் என்றால் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும், அவர் வழி வந்த மிஷனெரிகளுமே நினைவுக்கு வருகின்றனர். மேற்கிலிருந்து சென்னைக் கரைக்கு வந்த கப்பல்களில் வேறொரு வகைப் பயணிகளும் இருந்தனர். கயானாவிலும் திரினிதாதிலும் யமேக்காவிலும் கரும்பு வெட்டி, ஒப்பந்தம் முடித்து, ஊர் நோக்கி வந்த தமிழர் அவர்கள். அவர்களுடைய மீட்சிப் பயணத்தையும், அதற்கு இருபுறத்துத் திருச்சபையும் எவ்வகையில் தொடர்புடையதாயிற்று என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஒரே சங்கம், இரண்டு கரைகள்

மேற்கிந்தியத் தீவுகள் நமக்குத் தொலைவானவை என்று எண்ணுவது இயல்பு. திருச்சிராப்பள்ளித் திருச்சபையைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியன்று. சுவார்ச்சையர் 1762-இல் திருச்சியில் தங்கி ஊழியம் செய்யத் தொடங்கினார். 1766-இல் கோட்டையில் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பினார். அவர் காலத்துக்குப் பின்னர், 1820களின் நடுவில், அவர் நட்ட சபைகளின் பொறுப்பு எஸ்.பி.ஜி. சங்கத்துக்கு மாறிற்று. பேராயர் ஹீபர் 1826 ஏப்ரல் 3-ஆம் நாள் திருச்சியில் இறந்து தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டதும் அக்காலத்தேதான். இவையெல்லாம் நம் மாணாக்கர் தேர்வுக்குப் படிக்கும் செய்திகள்.

அவர்கள் படிக்காத செய்தி ஒன்றுண்டு. அதே எஸ்.பி.ஜி. சங்கம் 1710 முதல் பார்படோசுத் தீவில் காட்ரிங்டன் என்னும் கரும்புத் தோட்டங்களுக்கு உரிமை பெற்றிருந்தது. கிறிஸ்டபர் காட்ரிங்டன் என்பார் இறக்கும்போது தோட்டங்களையும், அவற்றில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளையும் சேர்த்தே சங்கத்துக்கு எழுதி வைத்தார். தொடக்கத்தில் அவ்வடிமைகளின் மார்பில் 'சங்கம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டது. அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது பிரிட்டிஷ் அரசு உடைமையாளருக்கு இழப்பீடாகக் கொடுத்த இரண்டு கோடிப் பவுனில் இச்சங்கத்துக்குக் கிடைத்த பங்கு 8,823 பவுன். அடிமைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை 2006-இல் இதற்காக மன்னிப்புக் கோரியது. அச்சங்கத்தின் வழிவந்த அமைப்பு 2023-இல் காட்ரிங்டனில் ஈடுசெய்யும் பணியொன்றை அறிவித்தது. திருச்சியில் பள்ளிகளை நடத்தி ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததும் இதே சங்கமே. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைப்பது கடினம். ஆயினும் வைத்தே ஆகவேண்டும்.

லுத்தரன் சபையார் தமக்கு இதில் தொடர்பில்லை எனக் கருதிவிடலாகாது. தரங்கம்பாடிக்கும் மேற்கிந்தியத் தீவுகளில் தூய தோமா, தூய குரூசு ஆகியவற்றுக்கும் ஒரே டென்மார்க்கு முடியே உரிமை பூண்டிருந்தது. மொரேவிய சகோதரர் 1732-இல் தூய தோமாத் தீவின் அடிமைகளிடையே ஊழியந் தொடங்கினர். அவர்களே 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்தனர். டென்மார்க்கு 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1863-இல், தூய குரூசுத் தீவின் கரும்பு முதலாளிகளுக்காகக் கல்கத்தாவிலிருந்து 'மார்ஸ்' என்னும் கப்பலில் 321 இந்தியர் கொண்டுவரப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும், 1868-இல், அவர்களுள் பெரும்பாலோர் திரும்பிவிட்டனர். அத்தீவுக்கு மறுபடி இந்தியர் அனுப்பப்படவில்லை. ஒருமுறை வந்தவரில் பெரும்பாலோர் மீண்டுவிட்டனர் என்ற செய்தியே அத்தோட்டங்களின் தன்மைக்குப் போதிய சாட்சி.

ஏன் போனார்கள்

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை 1834 ஆகஸ்டு 1-ஆம் நாள் சட்டப்படி ஒழிந்தது. இடைக்காலப் பயிற்சி ஏற்பாடும் 1838-இல் முடிவுற்றது. விடுதலை பெற்றோர் தோட்டங்களைவிட்டு வெளியேறித் தமக்கென நிலம் தேடினர். மண் வளமும் பரப்பும் மிகுந்த கயானாவிலும் திரினிதாதிலும் முதலாளிகள் கூலியாள் இன்றித் தவித்தனர். (பார்படோசில் நிலமெல்லாம் ஏற்கெனவே தோட்டமாயிருந்தபடியால் விடுதலை பெற்றோர்க்குப் போக்கிடம் இல்லை, அத்தீவு இந்தியக் கூலியை நாடவேயில்லை.) 1838 மே மாதம் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து முதற்கூலிகளைக் கயானாவில் இறக்கின. அவர்கள் பட்ட துன்பத்தை அடிமை ஒழிப்புச் சங்கத்தார் வெளிப்படுத்தியதால் ஆள் அனுப்புதல் சில ஆண்டுகள் தடைசெய்யப்பட்டது.

இங்கே இரண்டு சட்டங்களை அடுத்தடுத்து வைத்து நோக்கவேண்டும். இந்தியாவில் அடிமைத்தனத்துக்குச் சட்டம் அளித்துவந்த பாதுகாப்பை நீக்கியது 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கூலிகள் செல்லலாம் என அனுமதித்தது 1844-ஆம் ஆண்டின் இருபத்தோராம் சட்டம். காவிரிக்கரைப் பண்ணையாள் தன் மிராசுதாருக்கு இனிச் சட்டப்படி அடிமையல்லன் என்றான மறு ஆண்டே, கடல்கடந்த முதலாளிக்கு ஒப்பந்தக்காரனாகும் வழி திறக்கப்பட்டது. உள்ளூரில் அவனுக்கு நிலமும் இல்லை, கடனும் தீரவில்லை. மழை பொய்த்தால் முசிறி, பெரம்பலூர் போன்ற வானம் பார்த்த பகுதிகளின் சிறு குடியானவருக்கும் அதே நிலை. ஆகவே, 'ஏமாற்றிக் கொண்டுபோனார்கள்' என்று மட்டும் சொல்லிவிடுவது அவர்களுடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். ஏமாற்று நிறைய நடந்தது. ஆயினும் ஊரைவிட்டுப் போவதற்குத் தக்க காரணங்கள் அவர்களிடம் இருந்தன.

1845 முதல் 1862 வரை சென்னையிலிருந்து கயானா, திரினிதாத், யமேக்கா ஆகியவற்றுக்குக் கப்பல்கள் சென்றன. கயானாவுக்கு மட்டும் சென்னை வழியே சென்றோர் ஏறத்தாழ 15,000 பேர். கல்கத்தா வழியே சென்றோரையும் சேர்த்து, 1838 முதல் 1917 வரை கயானாவுக்குப் போனோர் ஏறத்தாழ 2,39,000, திரினிதாதுக்கு 1,44,000, யமேக்காவுக்கு 36,000. பிரெஞ்சு ஆட்சியினர் தனியே ஆள் திரட்டினர். புதுச்சேரியிலிருந்து 'ஒரேலி' என்னும் கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்குத் தீவையும், அதே கப்பல் 1854 கிறிஸ்துமஸ் வேளையில் குவாதலூப்பையும் அடைந்தது. காவிரியின் கடைமடையிலுள்ள காரைக்கால் அவர்களுடைய இன்னொரு துறைமுகம். தஞ்சை, திருச்சிச் சீமையினர் அவ்வழியே பெருந்தொகையாய்ச் சென்றனர். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1862-இல் இருப்புப்பாதை முழுமையடைந்ததும் கடற்கரை இன்னும் அருகில் வந்துவிட்டது. குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேர் போயினர். மீண்டவர் அவர்களுள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

திரும்பும் உரிமை

ஒப்பந்தத்தின் வாசகங்களுள் கூலியாளுக்கு மெய்யாகவே பயன்பட்டது ஒன்றே என்பது நம் துணிபு. கூலி, உணவு, மருத்துவம் ஆகிய யாவும் எழுத்தில் இருந்தன. ஆனால் தோட்டத்தில் துரை வைத்ததே சட்டம். உடல்நலமின்றி வேலைக்கு வராதவனும் நீதிமன்றத்தில் குற்றவாளியே; தோட்டத்தின் எல்லையைத் தாண்டச் சீட்டு வேண்டும். இவற்றுக்கிடையே, காலம் முடிந்ததும் அரசின் செலவிலேயே ஊருக்குத் திரும்பலாம் என்ற வாசகம் மட்டும் அவனைப் பழைய ஆப்பிரிக்க அடிமையினின்று வேறுபடுத்தியது. ஆப்பிரிக்கனுக்குத் திரும்பும் கப்பல் இல்லை. தமிழனுக்கு உண்டு என்று எழுதப்பட்டிருந்தது.

அதனாலேயே முதலாளிகளும் குடியேற்ற அரசுகளும் இவ்வொரு வாசகத்தையே மீண்டும் மீண்டும் அரித்தெடுத்தனர். 1844-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு முடிந்ததும் திரும்பலாம். 1850களின் நடுவில் அது பத்தாண்டாயிற்று. முதல் ஐந்தாண்டு ஒப்பந்த வேலை, அடுத்த ஐந்தாண்டும் அக்குடியேற்ற நாட்டிலேயே தங்குதல். சிறையிலிருந்த நாளும் வேலைக்கு வராத நாளும் கணக்கில் கழிக்கப்பட்டன. மறுபடி ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்வோர்க்குக் கயானாவில் 50 டாலர் ஊக்கத்தொகை தரப்பட்டது; நாளொன்றுக்கு ஒரு சில்லிங் அளவே கூலி பெற்றவனுக்கு அது பெருந்தொகை. திரினிதாதில் 1869 முதல் பத்தாண்டுக் காலம், திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்தால் பத்து ஏக்கர் அரசு நிலம் என்றனர். பின்னர் ஐந்து ஏக்கரும் ஐந்து பவுனும் என்றனர். 1890களின் பிற்பகுதிக்குப் பின் வந்தோரில் ஆண் பயணச் செலவில் பாதியையும் பெண் மூன்றில் ஒரு பங்கையும் தாமே செலுத்தவேண்டியதாயிற்று.

நிலம் பெற்றோர் நன்றாகவே வாழ்ந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. திருவானைக்காவலைச் சூழ்ந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாய் உழுதும் ஒரு குழி நிலம் தமக்கென இல்லாத குலத்தார்க்குப் பத்து ஏக்கர் என்பது எத்தகைய தூண்டுதலாயிருந்திருக்கும் என நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் உரிமையை விலைபேசி வாங்கியவர் யார், விற்றவர் எந்நிலையில் விற்றார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் ஏழாம் ஆண்டில் விடுதலையாகும் எபிரெய அடிமையை வெறுங்கையனாய் அனுப்பலாகாது என்ற விதி உள்ளது. அவ்வதிகாரத்தைப் பிரசங்கிப்போர் அவ்வடிமை விரும்பினால் தன் எஜமானிடமே தங்கலாம் என்ற பிற்பகுதியையும் கவனித்திருப்பர். அங்கே தங்குதலுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது அன்பு. இங்கே அது கணக்கு.

முதற்காலத்துச் சென்னைக் கூலிகள் பட்ட பாட்டை இங்குக் குறிப்பிடாமல் விடலாகாது. 1846-இல் சர்க்கரை மீதான காப்புவரிச் சலுகை குறைக்கப்பட்டதும் தோட்டங்கள் நொடித்தன. ஆள் அனுப்புதல் 1848 முதல் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டது. திரினிதாதிலும் யமேக்காவிலும் வேலையும் கூலியும் இன்றிச் சாலைகளில் பிச்சையெடுத்துத் திரிந்தோருள் சென்னையிலிருந்து சென்றோர் மிகுதி. யமேக்காவுக்கு 1845-க்கும் 1847-க்கும் இடையே வந்த ஏறத்தாழ 4,500 பேரில் ஒப்பந்தம் முடித்தவர்கள், அரசிடம் பணமில்லை என்ற காரணத்தால், கப்பலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவர்களைத் 'திரிபவர்' என்றும் சோம்பேறிகள் என்றும் முதலாளிகள் எழுதினர். 'சென்னைக் கூலி வேலைக்காகான்' என்னும் அவப்பெயர் அவ்வாறு தோன்றி, 1862-இல் சென்னையினின்று ஆள் எடுப்பது நின்றுபோனதற்கு ஒரு காரணமுமாயிற்று. இலங்கையின் காப்பித் தோட்டங்களும் மொரீசியசும் பர்மாவும் தமிழரை ஈர்த்தது மற்றொரு காரணம்.

கப்பலிலும் கரையிலும்

போகும் கப்பலுக்கும் வரும் கப்பலுக்கும் வேறுபாடு உண்டு. போகும் கப்பலில் மருத்துவர் தேர்ந்தெடுத்த இளைஞர் இருந்தனர். அப்படியிருந்தும் 1858-இல் கல்கத்தாவிலிருந்து திரினிதாதுக்குச் சென்ற 'சால்செட்' கப்பலில் ஏறிய 324 பேரில் 120 பேருக்கு மேல் வழியிலேயே மாண்டனர் என அக்கப்பல் தலைவரின் துணைவியார் வெளியிட்ட நாட்குறிப்பால் அறிகிறோம். வரும் கப்பலில் இரு வகையினர் கலந்திருந்தனர். ஒரு வகையினர் சேமித்தவர். பணத்தை அரசிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றும், வெள்ளிக் காசை உருக்கிக் காப்பும் தண்டையுமாக அணிந்தும் வந்தனர். மற்ற வகையினர் உடல் தேய்ந்தவர், பார்வை இழந்தவர், தொழுநோயாளர், மனநலம் குன்றியவர்; தோட்டத்துக்கு இனிப் பயன்படார் என்று அனுப்பப்பட்டவர். பாய்மரக் கப்பலில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மூன்று மாதங்களுக்குக் குறையாத பயணம். நோயாளர் நிறைந்த கப்பலில் சாவு மிகுந்ததில் வியப்பில்லை.

சென்னைக்கு அந்நாளில் துறைமுகம் இல்லை. துறைமுக வேலை 1876-இல் தொடங்கி, 1881-இல் புயலால் சிதைந்து, பின்னரே முடிவுற்றது. கப்பல் நெடுந்தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்தே கரையேற வேண்டும். அங்கிருந்து திருச்சிச் சீமைக்கு 200 மைல். முதலில் திரும்பியோர் காலத்தில் கால்நடையும் மாட்டுவண்டியுமே வழி.

ஊரில் அவர்களை எதிர்கொண்டது எது? வட இந்தியாவில், 1883-இல் கிரியர்சன் தயாரித்த அறிக்கை முதலியவற்றால், திரும்பியோர் சாதியாருக்கு விருந்து வைத்துப் பணம் செலவிட்ட பின்னரே சேர்த்துக்கொள்ளப்பட்டனர் எனத் தெரிகிறது. கடல் கடந்தவன் சாதி கெட்டான் என்பது மேற்குலத்தார் நடுவில் வலுவான கொள்கை. நம் பண்ணையாட்கள் நிலை சற்று வேறு. இழப்பதற்கு உயர்ந்த சாதி அவர்களிடம் இல்லை. ஆனால் கப்பலில் ஒரே சமையற்கட்டில் வெந்த சோற்றை எல்லாருடனும் உண்டு, தீவில் நீதிமன்றப் படியேறித் தன் துரைமேல் முறையிட்டுப் பழகிய ஒருவன், மிராசுதார் எதிரில் மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து நிற்கவேண்டிய ஊருக்குத் திரும்புகிறான். அவன் சேமிப்பு எவ்வளவாயினும் அக்கிராம எல்லைக்குள் அவனுக்கு யாரும் நிலம் விற்கப் போவதில்லை. திரும்பியோருள் பலர் சில மாதங்களிலேயே மறுபடி டிப்போவுக்குச் சென்று, தம் பெயரைப் புதிதாய்ப் பதிந்து, இரண்டாம் முறை கப்பலேறினர் என்று குடியேற்ற நாடுகளின் பதிவுகள் கூறுகின்றன. பணத்தைத் தோற்றவரே அவ்வாறு சென்றனர் என அதிகாரிகள் விளக்கினர். நாம் அவ்விளக்கம் முழுமையன்று என்கிறோம். ஊரில் இடமில்லாமற் போனதே பெருங்காரணம்.

ஆலயத்தில் மட்டும் இடம் இருந்ததா? பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சபைகளில் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழியவேண்டும் என ஆணையிட்டதும், தஞ்சையிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் மேற்குலக் கிறிஸ்தவர் திரளாக எதிர்த்ததும் நாம் அறிந்தவை. அவர் 1835-இல் நேரில் வந்து பேசியும் எதிர்ப்பு அடங்கவில்லை. தனி இருக்கை, தனிப் பாத்திரம் ஆகிய பூசல்கள் பல்லாண்டு நீடித்த அதே காலத்தில்தான் கயானாக் கப்பல்கள் சென்னைக் கரையில் ஆட்களை இறக்கின. மூன்று மாதம் ஒரே பாத்திரத்தில் உண்டு வந்தவனும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற மறுத்தவனும் ஒரே மாகாணத்தில் வாழ்ந்தனர். கப்பல் திருச்சபையைவிடத் தூயது என்று நாம் சொல்லவில்லை. அங்கே சாதியை உடைத்தது வறுமையும் இட நெருக்கடியுமே. ஆனால் உடைந்தது உண்மை.

ரூத்தின் சரித்திரத்தைப் பெரும்பாலும் ரூத்தை முன்னிறுத்தியே பிரசங்கிக்கிறோம். நகோமியை முன்னிறுத்தி ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். பஞ்சத்தால் பெத்லகேமை விட்டவள். பத்தாண்டு மோவாபில் வாழ்ந்தவள். கணவனையும் மக்களையும் அந்நிய மண்ணில் அடக்கம் செய்தவள். அறுவடை தொடங்கும் நாளில் திரும்புகிறாள். ஊர்ப்பெண்கள் அவளை அடையாளம் காணத் தடுமாறுகின்றனர். அவளை ஊரில் மறுபடி நிலைநிறுத்துவது அவளுடைய கண்ணீரன்று. சிந்திய கதிரைப் பொறுக்கலாம் என்ற சட்டமும், விற்ற வயலை மீட்கக் கடமைப்பட்ட சுதந்தரவாளி என்ற ஏற்பாடுமே. திரும்பி வருபவரை ஏற்க ஊரிலேயே ஒரு வழி இருந்தால்தான் திரும்புதல் என்பது நிறைவேறும். காவிரிக்கரை ஊர்களில் அவ்வழி இல்லை.

தங்கியவரும் பின்னர் வந்தவரும்

கயானாவுக்குச் சென்றோரில் மூன்றில் ஒரு பங்கினர் திரும்பினர். திரினிதாதினின்று நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானோரே. தங்கிய தமிழரிடையே ஊழியம் செய்தவருள் வெஸ்லியன் மிஷனெரி பிராங்கர்ஸ்ட் நினைக்கத்தக்கவர். தமிழறிந்த அவர் 1860களின் தொடக்கமுதல் கயானாவில் உழைத்தார். அந்நாட்டையும் அதன் உழைக்கும் மக்களையும் குறித்து 1883-இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். திரினிதாதில் 1868-இல் தொடங்கிய கனடியப் பிரெஸ்பிட்டேரியன் மிஷன் பள்ளிகள் பலவற்றை நிறுவியது. ஆனால் இந்தியரிடையே அது கையாண்ட மொழி இந்தி. எண்ணிக்கையில் சிறுத்த தமிழ் அங்கே தேய்ந்தது. இன்று கயானாவின் பெர்பீசுப் பகுதியில் 'மதராசிகள்' எனப்படுவோர் மாரியம்மனை வழிபடும் முறையிலும், மர்த்தினிக்கில் மதுரைவீரன் பெயர் மருவிய தெய்வத்தின் கோயில்களிலும், முனுசாமி, ராமசாமி, வீராசாமி, சிதம்பரம் என்ற பெயர்களின் சிதைந்த எழுத்துக்கூட்டிலும் தமிழ் எஞ்சியுள்ளது. குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பார் இந்தியர்க்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கோரி 1904 முதல் 1923 வரை வழக்காடினார். பெர்பீசில் பிறந்த மோசே வீராசாமி நாகமுத்து 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தார்.

ஒப்பந்த முறைக்கான ஆள்சேர்ப்பு 1917-இல் நிறுத்தப்பட்டது. எஞ்சிய ஒப்பந்தங்களும் 1920 தொடக்கத்தில் முடிவுற்றன. திரும்புதல் மட்டும் நிற்கவில்லை. 1921-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் மட்டியாபுர்சு என்னும் ஆற்றங்கரைப் பகுதியில், கயானா, திரினிதாத், பிஜி முதலிய நாடுகளினின்று திரும்பி, ஊரார் ஏற்காமையால் மறுபடி துறைமுகத்துக்கே வந்து, எந்தக் கப்பலாவது தம்மை மீண்டும் ஏற்றிச் செல்லாதா எனக் குடிசைகளில் காத்துக்கிடந்தோர் இருந்தனர். அதே 1921-இல் கல்கத்தாவில் பணியாற்றிய மற்றொரு கடற்பயணியும் ஊர் திரும்பினார். 1888 நவம்பரில் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன் அவர், மத்தியதரைக் கடலின் நீல நிறம் பற்றிக் கப்பலில் எழுந்த வினா அவரை நோபல் பரிசுவரை கொண்டுசென்றது. சாதி கெடும் என்ற பழைய அச்சம் அவரைப் போன்றோருக்கு அக்காலத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கூலிக்கு மறையவில்லை. கடலைக் கடத்தல் குற்றமாயிருந்ததில்லை. கடந்தவர் யார் என்பதே குற்றத்தை முடிவு செய்தது.

மட்டியாபுர்சு மக்களுக்காகக் குரல் எழுப்பியவருள் சி. எப். ஆண்ட்ரூஸ் முதன்மையானவர், அவர் 1929-இல் கயானாவுக்கும் சென்று வந்தார். 1927-ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்பாட்டின்கீழ்த் தென்னாப்பிரிக்காவினின்று சென்னையில் இறக்கப்பட்ட தமிழர் நிலையையும், பிற நாடுகளினின்று மீண்டோர் நிலையையும் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931-இல் அறிக்கையாக வெளியிட்டனர். யாரையும் திரும்பி வருமாறு தூண்டலாகாது என்பதே அவ்வறிக்கையின் மொத்தத் தொனி. ஆயினும் 1955-இல்கூட 'ரிசர்ஜென்ட்' என்னும் கப்பல் ஜார்ஜ்டவுனிலிருந்து முதியோர் சிலரை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டது.

'தாயகம் திரும்பியோர்' என்ற அரசுச் சொல் நம் நாட்டில் வழக்கேறியது 1964-க்குப் பின்னர். அவ்வாண்டு பர்மாவினின்றும், அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையினின்றும் வந்தோரைக் குறித்தது அச்சொல். ஒப்பந்தம் இந்தியாவின் பங்காக வகுத்தது 5,25,000 பேர். அவர்களுள் பலருக்குத் தமிழ்நாட்டில் ஊரே இல்லை. பாட்டனார் பிறந்த ஊரின் பெயர் மட்டும் இருந்தது. திருச்சி வட்டாரத்து ஆயர்களுள் இவ்வகைக் குடும்பங்கள் தம் சபையில் இல்லாதவர் அரியர்.

ஆகவே ஆயர்களுக்கும் மாணாக்கருக்கும் ஒரு வேண்டுகோள். சுவார்ச்சையர் காலமுதல் பேணப்பட்ட சபைப் பதிவேடுகள் திருச்சியிலும் தஞ்சையிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ளன. 1850 முதல் 1875 வரையுள்ள ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் ஏடுகளில், ஊர், தொழில் ஆகிய பத்திகளை வரி விடாமல் பார்வையிட வேண்டுகிறோம். தெமரேரா, திரினிதாத், யமேக்கா, மர்த்தினிக்கு ஆகிய பெயர்கள் எவ்வாறு சிதைந்து எழுதப்பட்டிருப்பினும், 'கப்பலிலிருந்து வந்தவன்' என்பதுபோன்ற குறிப்பு ஓரத்தில் இருப்பினும், அப்பக்கத்தைப் படமெடுத்து, சபையின் பெயரையும் ஏட்டின் எண்ணையும் சேர்த்துக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பலாம். சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தின் குடிபெயர்வுக் கோப்புகளோடு அவற்றை ஒப்பிடவேண்டும். பழைய ஏடுகள் எளிதில் நொறுங்குமாதலால் தைத்த முதுகைப் பிரிக்காமல் திறப்பது நலம்.